புதுசா ஹோட்டலோ பாரோ எடுத்து நடத்தப் போறீங்களா, தீ விஷயத்துல மொதல்ல இதைப் பண்ணுங்க

நான் சமையல்கட்டுல வேலைக்குச் சேந்த மொத வருஷம், ஒரு ராத்திரி நல்ல கூட்ட நேரத்துல எண்ணெய்ச்சட்டி ஒண்ணு குப்புனு பத்திக்கிச்சு. மாஸ்டர் பதறவே இல்ல, கேஸை மூடினாரு, பக்கத்துல இருந்த பெரிய தட்டை எடுத்து ஓரத்துல இருந்து மெதுவா நகத்தி சட்டிய மூடினாரு, அவ்ளோதான், அரை நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. எல்லாரும் சிரிச்சோம், ஒருத்தன் கைகூட தட்டினான், அடுத்த ஆர்டர் போக ஆரம்பிச்சிருச்சு. ஒரு பத்து நிமிஷம் கழிச்சு பக்கத்து கட்டடத்துல இருந்து ஒருத்தர் ஓடி வந்து உங்க மொட்டை மாடில தீ எரியுதுய்யான்னு கத்தறாரு. என்ன ஆச்சுன்னா, சட்டில இருந்து எழும்புன அந்த ஒரு நாக்கு அடுப்புக்கு மேல பொகையை இழுக்கற ஹூட்டோட ஃபில்டரைத் தாண்டி உள்ள போயிருக்கு, பொகையை மாடிக்குக் கொண்டு போற தகட்டுக் குழாயான டக்டுக்குள்ள வருஷக்கணக்கா படிஞ்ச எண்ணெய்ப் பிசுக்குல பத்தியிருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் இழுக்க இழுக்க அது மேல ஏறிக்கிட்டே போயிருக்கு, நாங்க கீழ நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அதுக்கப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் என் கண்ணு கண்ணுக்குத் தெரியற அடுப்புல நிக்கறதில்ல, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னுதான் தேடும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான். இன்னிக்கு ஒருத்தர் கடைச் சாவியை என் கைல குடுத்தா எந்த வரிசைல பாப்பேனோ அதே வரிசைல சொல்றேன். அளவு, நாள் கணக்கெல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவுல கமர்ஷியல் சமையல்கட்டுக்குன்னே இருக்கற என்.எஃப்.பி.ஏ 96-ங்கற தரத்துல வர்றது, உங்க பக்கத்துச் சட்டம் இதைவிடக் கறாரா இருந்தா அதுதான் செல்லும், லைசென்ஸ் வாங்கப் போறப்பவே ஃபயர் டிபார்ட்மெண்ட்ல கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

படி 1: ஆள் இல்லாத நேரத்துல கதவை எல்லாம் தொறந்து பாருங்க

எல்லாரும் மொதல்ல ஃபயர் எக்ஸ்டிங்விஷர் வாங்கத்தான் ஓடுவாங்க. நான் கதவைத்தான் சொல்லுவேன். ஏன்னா இந்தத் தொழில்ல நடந்த பெரிய சாவு எல்லாத்தையும் எடுத்துப் பாத்தா தீயோட சேத்து ஒரு கதவும் கண்டிப்பா அந்தக் கதைல இருக்கும்.

1942 நவம்பர் 28, அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல கோகோநட் குரோவ்னு ஒரு நைட் கிளப், 492 பேர் செத்தாங்க. முன்வாசல்ல சுத்தற கதவு, ரெண்டு பக்கமும் ஆளுங்க முட்டித் தள்ளினதுல அது சுத்தாமலே நின்னுருச்சு. வேற சில கதவு பூட்டிக் கெடந்துச்சு, சிலது உள்பக்கமாத் தொறக்கற மாதிரி இருந்துச்சு, பின்னாடி கூட்டம் நெருக்குறப்ப உள்பக்கம் இழுத்துத் தொறக்க யாரால முடியும்? 2004 டிசம்பர் 30, ப்யூனஸ் அயர்ஸ்ல ரிபப்ளிகா குரோமான்யோன்ங்கற இடம், 194 பேர், அங்க எமர்ஜென்சி கதவைப் பூட்டு போட்டு அடைச்சு வெச்சிருந்தாங்க, காசு குடுக்காம யாரும் உள்ள வந்துரக் கூடாதுன்னு. 2013 ஜனவரி 27, பிரேசில்ல சான்டா மரியா ஊர்ல கிஸ் கிளப், 242 பேர், இருந்ததே ஒரு வழிதான், அதுலயும் மொதல்ல வாசல் காவலாளிங்க பில் கட்டாம ஓடறாங்கன்னு நெனச்சு ஆளுங்களைத் தடுத்திருக்காங்க.

கடைசி ரெண்டுலயும் காரணத்தைப் பாருங்க, ரெண்டுமே கல்லாவைப் பத்தின பயம். புதுசா கடை எடுக்கறவங்களுக்கு இந்தப் பயம் கண்டிப்பா வரும், பின்கதவு வழியா சரக்கு வெளிய போகுது, சப்ளையர் பசங்க சிகரெட் புடிக்கப் போயி நிக்கறாங்க, பில் குடுக்காம நழுவறாங்க, அதனால பூட்டிருவோம்னு தோணும். பூட்டாதீங்க. உள்ள இருந்து தள்ளினா தொறக்கற புஷ் பார் கதவு போட்டு, தொறந்தா சத்தம் போடற அலாரம் ஒண்ணு மாட்டிருங்க, திருட்டுப் பயமும் போச்சு, வழியும் தெறந்தே இருக்கும்.

இப்ப நடங்க. வாசல்ல நின்னு ஒவ்வொரு கதவா போயி கையால தள்ளிப் பாருங்க. வெளிப்பக்கமாத் தொறக்குதா, சாவி தேடாம ஒரே தள்ளுல தொறக்குதா, தொறந்தா அந்தப் பக்கம் என்ன இருக்கு? நான் பாத்ததுலயே மோசமானது ஒரு கடைல கதவு அழகாத் தொறந்துச்சு, அந்தப் பக்கம் காலி பாட்டில் கிரேட் ஆள் உயரத்துக்கு அடுக்கி இருந்துச்சு. அப்புறம் லைட்டை எல்லாம் அணைச்சுட்டு அதே நடையை நடங்க, எக்சிட் போர்டு பேட்டரில எரியுதா, பாத்ரூம் கதவும் வெளிய போற கதவும் இருட்டுல ஒரே மாதிரி தெரியுதான்னு பாருங்க. இது சும்மா சொல்லல, கிஸ் கிளப்லயும் சரி, 2017 டிசம்பர் 29 மும்பை கமலா மில்ஸ்ல 14 பேர் செத்த தீயிலயும் சரி, நெறைய பேரை பாத்ரூம்லதான் எடுத்தாங்க.

இன்னொண்ணு, ஆளுங்க வந்த வழியாத்தான் வெளிய ஓடுவாங்க, பக்கத்துலயே வேற கதவு இருந்தாலும் அது கண்ணுல படாது. அதனால மெயின் கதவுதான் உங்க முக்கியமான எமர்ஜென்சி கதவு, அங்க ஹெல்மெட் ரேக், வெயிட்டிங் சோஃபா, பூந்தொட்டின்னு நெருக்கடி பண்ணாதீங்க. அப்புறம் ஆள் கணக்கு. எத்தனை பேருக்கு அனுமதியோ அந்த எண்ணை வாசல்ல நிக்கறவருக்குச் சொல்லி, கைல எண்ற க்ளிக்கர் ஒண்ணு குடுங்க, விசேஷ நாள்ல இன்னும் ஒரு அம்பது பேர் நின்னா என்னன்னு கேக்கறதுக்கு ஆள் வரும், அன்னிக்குத்தான் அந்த எண்ணுக்கே வேலை.

படி 2: தலைக்கு மேல இருக்கறதைப் பாருங்க

அடுப்புக்கு மேல ஹூட், அதுல ஃபில்டர், அதுக்குப் பின்னாடி டக்ட், அது போயி முடியற எடத்துல ஃபேன். ஆவியாப் போற எண்ணெய் இந்த நாலுலயும் படியும். ஃபில்டர் மட்டும் கண்ணுக்குத் தெரியறதால அதை மட்டும் கழுவிட்டு சுத்தம் பண்ணியாச்சுன்னு சொல்லுவாங்க, அங்கதான் நாங்களும் ஏமாந்தோம்.

ஃபில்டர் எடுத்ததும் பாருங்க, பட்டை பட்டையா வளைஞ்ச தகடு வெச்ச பேஃபிள் ஃபில்டரா, இல்ல கம்பி வலை மாதிரி இருக்கான்னு. வலை மாதிரி இருந்தா மாத்துங்க, அதுல எண்ணெய் தேங்கும், தீயும் நேரா ஊடுருவும். பேஃபிள் தீயைக் கொஞ்சம் தடுக்கும், எண்ணெயும் ஓடிக் கீழ இருக்கற கிண்ணத்துல விழும். தினமும் ராத்திரி கழட்டி சுடுதண்ணில பிசுக்கு போக்கற டிகிரீஸர் போட்டு ஊற வெச்சுக் கழுவி, காய வெச்சு, திரும்ப மாட்டணும். ஃபில்டர் காயலன்னு ஒண்ணு ரெண்டு கொறைச்சு மாட்டிட்டு அடுப்பைப் பத்த வைக்கற பழக்கம் நெறைய எடத்துல இருக்கு, அந்த ஓட்டை வழியா தீ நேரா டக்டுக்குள்ள போயிரும், அதனால ஒரு செட் ஸ்பேர் வாங்கி வெச்சுக்கோங்க.

டக்ட் சுத்தம் பண்றது உங்க ஆளுங்க வேலை இல்ல, அதுக்குன்னு தெரிஞ்ச கம்பெனியைக் கூப்பிடணும். எப்பப்ப கூப்பிட்டுப் பாக்கச் சொல்லணும்னா, விறகு கரி போட்டு சமைச்சா மாசா மாசம், நாள் பூராவும் ஓடற கடை, தணல்ல வாட்டறது, பெரிய வாணலில அதிக சூட்டுல வதக்கறதுன்னா 3 மாசத்துக்கு ஒரு தடவை, சாதாரணமா ஓடற கடைன்னா 6 மாசம், எப்பவாவது சமைக்கற எடம்னா வருஷத்துக்கு ஒண்ணு, என்.எஃப்.பி.ஏ 96 சொல்ற கணக்கு இது. இந்தக் கணக்குப்படி சுத்தம் பண்ணலாமா வேண்டாமான்னு பாக்க ஆளு வருவாரு, பிசுக்கு ரெண்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்துருச்சுன்னா சுத்தம் பண்ணியே ஆகணும். ரெண்டு மில்லிமீட்டர்ங்கறது ஒரு காசு தடிமன். வேலை முடிச்சதும் முன்னாடி எடுத்த போட்டோ, பின்னாடி எடுத்த போட்டோ ரெண்டும் கேளுங்க, டக்ட் வளையற எடத்துல கதவு மாதிரி தொறக்கற பேனல் இருக்கா, அதைத் தொறந்து தொடச்சாங்களான்னு கேளுங்க, ஏன்னா ஹூட்டைப் பளபளன்னு பாலிஷ் போட்டுட்டு டக்டைத் தொடாம பில் குடுத்துட்டுப் போற ஆளுங்களும் உண்டு. டக்டுக்குள்ள பிசுக்கு எரிஞ்சா சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும், தகடு செவசெவன்னு ஆகி பக்கத்துல இருக்கற மரச்சட்டம், ஃபால்ஸ் சீலிங் எல்லாத்தையும் பத்த வெச்சிரும், தகட்டுக்குள்ள தீ இருந்தாலும் வெளிய பரவறது அப்படித்தான்.

தீ புடிச்சா ஹூட்டுக்குள்ள தானா அணைக்கற மருந்து அடிக்கற சிஸ்டம் இருந்தா, அதுல மூணு விஷயம் பாத்துக்கோங்க. 6 மாசத்துக்கு ஒரு தடவை சர்வீஸ், சூட்டுல உருகி சிஸ்டத்தைக் கிளப்பி விடற ஃப்யூசிபிள் லிங்க்கை அப்பவே மாத்தணும், பிசுக்கு மூடிப் போச்சுன்னா அது நேரத்துக்கு உருகாது. மருந்து பீச்சற வாய் இருக்கே, அந்த நாசில் மேல இருக்கற சின்ன மூடி விழுந்திருந்தா உள்ள எண்ணெய் போயி அடைச்சுக்கும். மூணாவது இருக்கே, அதைத்தான் எல்லாரும் கோட்டை விடுவாங்க: நாசில் ஒவ்வொண்ணும் கீழ இருக்கற ஒரு குறிப்பிட்ட அடுப்பைக் குறி வெச்சுத்தான் மாட்டியிருப்பாங்க, நீங்க எடம் பத்தலன்னு ஃப்ரையரை, அதான் எண்ணெய்ல பொரிக்கற மெஷினை, ரெண்டு அடி நகத்தினீங்கன்னா மருந்து வெறும் தரையில போயி விழும். அடுப்பு எடத்தை மாத்தினா சிஸ்டம் மாட்டினவங்களைக் கூப்பிட்டு நாசிலையும் மாத்துங்க. தரைல வீல் நிக்க வேண்டிய எடத்துல பெயின்ட்டால குறி போட்டு வெச்சா, கிளீனர் நகத்திக் கூட்டிட்டு திரும்ப சரியா தள்ளி வைக்கலாம். சிஸ்டம் கிளம்பினா கேஸும் கரண்டும் தானா கட் ஆகணும், ஆகுதான்னு சர்வீஸ் ஆளை செஞ்சு காட்டச் சொல்லுங்க. கையால இழுத்து விடற ஸ்விட்ச் அடுப்புல இருந்து 3-லிருந்து 6 மீட்டர் தள்ளி, வெளிய ஓடற வழில இருக்கணும், அடுப்புக்குப் பின்னாடி இருந்தா தீக்குள்ள கையை விட்டா இழுக்க முடியும்?

படி 3: எண்ணெய்

பொரிக்கறதுக்கு 170-லிருந்து 190 டிகிரி செல்சியஸ் போதும். 230 பக்கம் போச்சுன்னா பெரும்பாலான எண்ணெய் பொகைய ஆரம்பிச்சிரும், 350 பக்கம் போனா தீப்பொறியே வேண்டாம், எண்ணெய் தானா பத்திக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சின பழைய எண்ணெய் இதைவிடக் கம்மி சூட்டுலயே பொகையும், பத்தும். அதனால பொகைங்கறது சகஜம் இல்ல, பொகையுதுன்னா உடனே அடுப்பை அணைன்னு ஒங்க ஆளுக்கு முதல் நாளே சொல்லுங்க.

ஃப்ரையர்ல ரெண்டு கட்டுப்பாடு இருக்கும், ஒண்ணு நீங்க திருகற தெர்மோஸ்டாட், இன்னொண்ணு உள்ள ஒளிஞ்சிருக்கற ஹை லிமிட், அது 246 டிகிரிக்கு மேல போகவிடாம தானா அணைச்சிரும். தெர்மோஸ்டாட் கெட்டுப் போனாலும் இது காப்பாத்தும், ஆனா அடிக்கடி கட் ஆகுதுன்னு இதை பைபாஸ் பண்ணி வயர் போட்டு வெச்ச ஃப்ரையர் நான் பாத்திருக்கேன். செகண்ட் ஹேண்ட் ஃப்ரையர் வாங்கறவங்க இதைக் கட்டாயம் ஒரு டெக்னீஷியன் வெச்சு பாக்கணும். எண்ணெய் மினிமம் கோட்டுக்குக் கீழ போனாலும் ஆபத்துதான், சென்சார் எண்ணெய்க்கு மேல நின்னுட்டு சூடு கம்மின்னு நெனச்சு இன்னும் எரிய விடும்.

ஃப்ரையருக்குப் பக்கத்துல தீ எரியற அடுப்பு இருந்தா நடுவுல 40 சென்டிமீட்டர் எடம் விடுங்க, எடம் இல்லன்னா 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு இரும்புத் தகடு தடுப்பா நிறுத்துங்க. தெறிக்கற ஒரு சொட்டு போதும்.

தண்ணி. இதைப் பத்தி எத்தனை தடவை சொன்னாலும் பதட்டத்துல கை தன்னால குழாய்க்குத்தான் போகும். எரியற எண்ணெய்ல தண்ணி ஊத்தினா அது எண்ணெயைவிட கனம்ங்கறதால அடிக்குப் போகும், போன உடனே ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 1700 லிட்டர் ஆவியா விரியும், விரியறப்ப மேல இருக்கற எரியற எண்ணெயை எல்லாம் தூக்கி கூரை வரைக்கும் எறியும். அதனால அடுப்புக்குப் பக்கத்துல பக்கெட் தண்ணி வைக்கற பழக்கத்தை விட்டுட்டு, ஒவ்வொரு சட்டிக்கும் சரியா மூடற தகட்டு மூடி ஒண்ணு ஆணில தொங்க விடுங்க. பாத்திரம் சின்னதா இருந்தா மூடி போதும். எரியற சட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடாதீங்க, அப்படி ஓடினவங்க கால்லயும் போற வழிலயும்தான் அந்த எண்ணெய் சிந்தும்.

படி 4: கேஸ்

சிலிண்டர்ல வர்ற எல்.பி.ஜி காத்தைவிட கனம். கசிஞ்சா தரையோட தரையா பரவி, சாக்கடை, பேஸ்மென்ட், கவுன்ட்டர் அடின்னு பள்ளமான எடத்துல போயி தேங்கும். காத்துல 2 சதவீதம் கலந்தாலே பத்தறதுக்குப் போதும். குழாய்ல வர்ற இயற்கை எரிவாயு நேர் எதிர், அது மேல போகும். கேஸ் டிடெக்டர் வாங்கறப்ப இதைக் கேட்டு வாங்குங்க, எல்.பி.ஜி-க்கு தரைல இருந்து ஒரு அடிக்குள்ள, இயற்கை எரிவாயுக்கு கூரைப் பக்கம் மாட்டணும், மாத்தி மாட்டினா அது சுவத்துல ஒரு அலங்காரம், அவ்ளோதான்.

சிலிண்டர் எல்லாம் வெளிய, காத்தோட்டமான கம்பி அடைப்புல, நிமித்தி வெச்சு இருக்கணும். படுக்க வெச்சா திரவமாவே வெளிய வரும், அது ஆவியாகறப்ப 250 மடங்குக்கு மேல விரியும். தீர்ற நேரத்துல சுடுதண்ணி ஊத்தறது, சாய்ச்சு வைக்கறது, குலுக்கறது எல்லாம் வேண்டாம். ஹோஸ்ல தேதி அச்சடிச்சிருக்கும், அந்தத் தேதி போனா மாத்துங்க, வளைச்சுப் பாத்து வெடிப்பு தெரிஞ்சா தேதிக்குக் காத்திருக்காதீங்க. சிலிண்டர் மாத்தற ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணி தடவி குமிழி வருதான்னு பாக்கணும், தீக்குச்சி கொளுத்திப் பாக்கற வீரருங்க இன்னும் இருக்காங்க, அவங்களை வேற வேலைல போடுங்க.

காலைல கதவைத் தொறக்கறப்ப வாடை அடிச்சா சுவிட்சைத் தொடாதீங்க, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனையும் போடாதீங்க, அந்தப் பொறியே போதும். கதவு ஜன்னலைத் தொறந்து விட்டு, வெளிய இருக்கற மெயின் வால்வை மூடிட்டு, தள்ளிப் போயி நின்னு போன் பண்ணுங்க.

கரண்ட்

இதுல ரெண்டே விஷயம் சொல்லி நிறுத்திக்கறேன். லோடு ஏறினா கரண்டைத் தானா கட் பண்ற எம்.சி.பி ஸ்விட்ச் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னா அது ஒங்ககிட்ட ஏதோ சொல்லுது, அதைப் பெரிய எம்.சி.பி-யா மாத்தி வாயை அடைச்சா அதுக்கப்புறம் சூடாகறது சுவத்துக்குள்ள இருக்கற வயர்தான். ரெண்டாவது, ஃப்ரிட்ஜ், ஐஸ் மெஷின், மைக்ரோவேவ் எல்லாம் சுவத்துல தனி பாயின்ட்ல நேரா சொருகணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன் சொருகி வெச்சுருக்கற எடத்தை எல்லாம் இந்த வாரமே கழட்டுங்க. ஆங், டெலிவரி பசங்க எலக்ட்ரிக் வண்டி பேட்டரியை உள்ள கொண்டாந்து வாசல் பக்கத்துல சார்ஜ் போடறதையும் நிறுத்துங்க, லித்தியம் பேட்டரி வெடிச்சா வெளிய போற வழியையே அது புடிச்சுக்கும்.

படி 5: பார் பக்கம்

சமையல்கட்டுல தீயைப் பத்தி ஒரு பயம் இருக்கும், பார்ல அதை வேடிக்கையா வெச்சிருப்பாங்க. 40 சதவீத ஆல்கஹால் இருக்கற சரக்கோட ஆவி 26 டிகிரி செல்சியஸ்லயே பத்தும், அதாவது சாதாரண ரூம் சூடு. இதைவிட ஸ்ட்ராங்கான சரக்குன்னா இன்னும் கம்மிலயே. அதோட தீ வெளிர் நீலமா இருக்கும், நல்ல வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது, எரிஞ்சு முடிஞ்சுருச்சுன்னு நெனச்சு பாட்டில்ல இருந்து திரும்ப ஊத்துவாங்க, தீ அந்த ஊத்தற தாரை வழியா பாட்டிலுக்குள்ள ஏறி, பாட்டில் வாய்ல இருந்து எதிர்ல நிக்கறவர் மேல பீச்சி அடிக்கும். மேஜை மேல வைக்கற எத்தனால் விளக்குலயும் இதேதான், சூடா இருக்கறப்ப ரீஃபில் பண்ணவே கூடாது. என்னைக் கேட்டா தீ வெச்சுக் குடுக்கற ட்ரிங்கே மெனுல வேண்டாம். வெச்சே ஆகணும்னா பாட்டிலை மூடித் தூர வெச்சதுக்கப்புறம்தான் பத்த வைக்கணும், பத்தின கிளாஸை யாரும் கைல எடுத்துட்டு நடக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து பொறி பறக்கற மத்தாப்பும் மேடை வாணமும். 2003 பிப்ரவரி 20, அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல ஸ்டேஷன்னு ஒரு கிளப்ல பாட்டு ஆரம்பிச்சதும் மேடைல வாணம் விட்டாங்க, பொறி சுவத்துல சத்தத்துக்காக ஒட்டியிருந்த ஃபோம்ல புடிச்சுச்சு. பாலியூரித்தேன் ஃபோம், மெத்தைக்குள்ள இருக்குமே அதே சாதி. ஒன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆனப்ப முன்வாசல்ல ஆளுங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து வழியே அடைச்சுப் போச்சு, மொத்தம் 100 பேர் செத்தாங்க. கிஸ் கிளப்லயும் மேடை வாணமும் ஃபோமும்தான், 2015 அக்டோபர் 30 புக்கரெஸ்ட்ல கலெக்டிவ் கிளப்ல 64 பேர் செத்ததும் அதே ரெண்டும்தான். இந்த ஃபோம் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும், நாலு மூச்சுல கால் துவண்டுரும்.

அதனால ஒங்க கடைல சுவத்துலயும் கூரைலயும் என்ன ஒட்டியிருக்குன்னு இன்னிக்கே பாருங்க. முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமா இருக்கற ஃபோம், காய்ஞ்ச ஓலை, மூங்கில், துணி விரிப்பு, பிளாஸ்டிக் பூ, கொடி. தீத்தடுப்பு சர்ட்டிஃபிகேட்டைக் காட்டச் சொல்லுங்க, காட்ட முடியலன்னா பிரிச்சு எறிங்க, சவுண்டு கொஞ்சம் எதிரொலிச்சா பரவால்ல. பிறந்தநாள் பாட்டில்ல சொருகற மத்தாப்பு சின்னதா அழகாத்தான் இருக்கும், ஆனா அது எரியற சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல, அதைக் கையைத் தூக்கி ஆட்டறப்ப கூரைக்கு எத்தனை அடி இருக்குன்னு யாரும் அளந்து பாக்கறதில்ல. உள்ள அனுமதி இல்லன்னு போர்டு வெச்சுருங்க, பேட்டரில எரியற லைட்டு கெடைக்குது, அதுவே போதும்.

சிகரெட் துண்டை டிஷ்யூ பேப்பர் போடற பிளாஸ்டிக் டப்பால கொட்டாதீங்க. உள்ளயே கனன்னு இருந்து ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு, கடை பூட்டினதுக்கப்புறம் பத்தும். மூடி வெச்ச இரும்பு டப்பா, அடில தண்ணியோ மணலோ, அது வெளிய இருக்கணும்.

துணியும் சாம்பலும்

இது நம்பறதுக்குக் கஷ்டமா இருக்கும். எண்ணெய் ஊறின கரித்துணியைக் குவியலாப் போட்டு வெச்சா அது யாரும் தொடாமலே பத்தும். எண்ணெய் காத்தோட சேந்து மெல்ல சூடாகும், குவியலா இருக்கறதால அந்தச் சூடு வெளிய போக வழி இல்லாம ஏறிக்கிட்டே போகும். துவைச்ச துணின்னாலும் எண்ணெய் முழுசாப் போயிருக்காது, ட்ரையர்ல இருந்து சுடச்சுட எடுத்து மடிச்சு அலமாரில அடுக்கினீங்கன்னா நடுராத்திரி அங்க இருந்து பொகை வரும். நல்லா ஆறினப்புறம் மடிக்கணும், அழுக்குத் துணி மூடி போட்ட இரும்பு டப்பாக்குப் போகணும். கரி அடுப்பு சாம்பலும் அப்படித்தான், மேல வெள்ளையா ஆறின மாதிரி இருக்கும், உள்ள ரெண்டு மூணு நாள்கூட கங்கு இருக்கும், அதனால தண்ணி தெளிச்சு இரும்பு டப்பால போட்டு கட்டடத்தை விட்டுத் தள்ளி வைங்க.

படி 6: ஆளுங்களுக்குக் காட்டிக் குடுங்க

சமையல்கட்டுக்கு வெட் கெமிக்கல் எக்ஸ்டிங்விஷர் வேணும், சில நாட்டுல கிளாஸ் கே-ன்னு போட்டிருக்கும், சில நாட்டுல கிளாஸ் எஃப். அதுல இருக்கற பொட்டாசியம் உப்பு சூடான எண்ணெயோட சேந்து சோப்பு நுரையா மாறி மேல ஒரு போர்வை மாதிரி மூடிக்கும், எண்ணெயும் ஆறும். பவுடர் அடிச்சா தீ அணைஞ்ச மாதிரி இருக்கும், எண்ணெய் இன்னும் சூடாவே இருக்கறதால ஒரு நிமிஷத்துல திரும்பப் பத்திக்கும். கரண்ட் போர்டுக்கு கார்பன் டை ஆக்சைடு, ஹாலுக்கு பொதுவான பவுடர். எக்ஸ்டிங்விஷர் அடுப்புக்கு நேர் மேல மாட்டாதீங்க, வெளிய போற கதவுப் பக்கம் மாட்டுங்க, அப்பத்தான் அதை எடுக்கப் போறவன் முதுகுக்குப் பின்னாடி வழி இருக்கும்.

பின்னை இழு, தீயோட அடியைக் குறி வை, அமுக்கு, ரெண்டு பக்கமும் வீசு. எண்ணெய்த் தீன்னா மட்டும் நேரா பீச்சாம தள்ளி நின்னு மேல இருந்து மெதுவா மழை மாதிரி விழவிடணும். இதை வாயால சொன்னா ஒருத்தனுக்கும் ஏறாது, காலாவதி ஆகப் போற எக்ஸ்டிங்விஷரைத் தூக்கி எறியாம பின்பக்கம் கொண்டு போயி புதுப் பசங்க ஒவ்வொருத்தரையும் ஒரு தடவை அடிச்சுப் பாக்க விடுங்க, அந்தச் சத்தத்துக்கு ஒரு தடவை பயந்து பழகணும்.

அப்புறம் யாரு சொன்னா கடையைக் காலி பண்ணலாம்? ஓனர் சொல்லணும், மேனேஜர் சொல்லணும்னு வெச்சிருந்தா அவங்க அன்னிக்கு இருக்க மாட்டாங்க. 1977 மே 28 அமெரிக்காவுல கென்டக்கில பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப்ல தீ புடிச்சப்ப, மேஜை தொடைக்கற வேலை பாத்த 18 வயசுப் பையன் வால்டர் பெய்லி, நிகழ்ச்சி நடந்துக்கிட்டு இருந்த மேடைல ஏறி மைக்கைப் புடிச்சு, கதவு அங்க இருக்கு, இங்க இருக்கு, எல்லாரும் வெளிய போங்கன்னு சொன்னான். 165 பேர் செத்த தீ அது, ஆனா அவன் சொன்னதால நூத்துக்கணக்கான பேர் பொழைச்சாங்க. ஒங்க கடைலயும் கிளீனர் பையன்கூட பாட்டை நிறுத்தி லைட்டைப் போட்டு எல்லாரையும் வெளிய அனுப்பலாம், தப்பா ஆனாலும் சம்பளம் புடிக்க மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லி வைங்க. மியூசிக் எங்க ஆஃப் பண்றதுன்னு எல்லாருக்கும் தெரியணும், அந்த ஒரு ஸ்விட்ச் தெரியாமலே நிமிஷம் போயிரும்.

தீ புடிச்சுட்டா

கேஸை மூடு, மூடியைப் போடு, அதே நேரத்துல இன்னொருத்தன் ஆளுங்களை வெளிய அனுப்பு, மூணாவது ஆள் ஃபயர் சர்வீஸுக்கு போன். ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு இல்ல, மூணும் ஒண்ணா. பில்லைப் பத்தி யாரும் பேசக் கூடாது. பாத்ரூம், ஸ்டோர் ரூம் ரெண்டையும் ஒருத்தர் எட்டிப் பாத்துட்டு கதவைச் சாத்திட்டு வரணும், பூட்ட வேண்டாம். ஒரு எக்ஸ்டிங்விஷர் தீர்ந்தும் அணையலன்னா ரெண்டாவதைத் தேடாதீங்க, வெளிய வாங்க. தீ தலை உயரத்துக்கு வந்துட்டாலும், பொகை கீழ எறங்கினாலும் அதே.

சட்டி மூடினப்புறம் தொறந்து பாக்கற ஆசை வரும், எண்ணெய் கை வைக்கற சூட்டுக்கு வர்ற வரைக்கும் தொடக் கூடாது, காத்து பட்டா திரும்பப் புடிக்கும். சின்ன தீதானேன்னு அடுத்த ஆர்டரைப் போடாம அடுப்பை எல்லாம் நிறுத்திட்டு ஃபில்டரைக் கழட்டி டக்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கணும். மருந்து அடிச்சிருந்தா சிஸ்டத்தைத் திரும்ப நிரப்பற வரைக்கும் அந்த அடுப்புல சமையல் இல்ல.

மூடறப்ப ஒரு சுத்து

ஒருத்தர் பேரைப் போட்டு இந்த வேலையைக் குடுங்க, எல்லாரும் பாத்துக்குவாங்கன்னா யாரும் பாக்க மாட்டாங்க. அடுப்பு நாப் எல்லாம் ஆஃப், கேஸ் மெயின் வால்வு மூடியாச்சு, ஃப்ரையர் ஆஃப், ஃபில்டர் ஊற வெச்சாச்சு, ஃப்ரையருக்குப் பின்னாடி சுவத்துல வழிஞ்ச எண்ணெய் தொடச்சாச்சு, துணி டப்பால, சிகரெட் டப்பா வெளிய, மெழுகுவத்தி எல்லாத்தையும் விரலால தொட்டுப் பாத்தாச்சு, குப்பை வெளிய, தேவையில்லாத பிளக் கழட்டியாச்சு, வெளிய போற எந்தக் கதவுக்கு முன்னாடியும் எதுவும் இல்ல. நோட்டுல கையெழுத்து. பதினஞ்சு நிமிஷ வேலை, ஆனா நடுராத்திரி களைப்புல இதைத் தாவறதுக்குத்தான் கால் போகும், அதனால சுத்தி வர்றவருக்கு அந்தப் பதினஞ்சு நிமிஷத்துக்கும் கூலி குடுங்க.

நான் இப்பவும் கடைசியா மொட்டை மாடிக்கு ஏறிருவேன். ஃபேன் பக்கம் எண்ணெய் வழிஞ்சு கூரைல தேங்கியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, பொறங்கையை டக்டுக்குப் பக்கத்துல கொண்டு போயிப் பாப்பேன். வெதுவெதுப்பா இருந்தா எறங்கி வீட்டுக்கு. அடுப்பு அணைச்சு அவ்ளோ நேரம் ஆகியும் அனல் அடிச்சுதுன்னா அங்க நின்னு யோசிக்கறதில்ல, எறங்கிக்கிட்டே போன் போட்டுருவேன்.